அல்வாவோடு திரும்பிவிடாதீர்கள்!

ஹாஸ்டலில் தென்மாவட்டத்துக்காரனாக இருப்பதில் ஒரு சௌகரியமும் ஒரு தொல்லையும் உண்டு. சௌகரியம் என்னவென்றால், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் அன்று பையைத் திறக்கும் வரைக்கும் எல்லோரும் நம்மிடம் ரொம்பப் பாசமாக இருப்பார்கள். தொல்லை என்னவென்றால், லீவு நெருங்கினால் போதும், "மச்சி, உங்க ஊர்ப் பக்கம் வர்றோம். எங்க என்ன சாப்பிடணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுறா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருஷம் கேட்டவர்கள் கொஞ்சம் அதிகம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். முகம் தெரியாத சாப்பாட்டுப் பிரியர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் ஊரறிந்த லிஸ்ட்.

திருநெல்வேலியில் இறங்கினால் அல்வா. பார்சல் கட்டுவதற்கு முன்னால் சூடாக நூறு கிராம் வாங்கி, கடை வாசலில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அந்த ஊரில் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் விட்டுவிடாதீர்கள். மறுநாள் விருந்தில் சொதி கிடைக்கும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்துச் செய்வது, கூடவே இஞ்சிப் பச்சடி. தூத்துக்குடி வந்தால் மக்ரூன். ராத்திரி ஆனால் 'நைட் கிளப்' போகலாம் (பதறாதீர்கள், தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு அந்தப் பெயர் உண்டு!). கோவில்பட்டி வழியாக வந்தால் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்தால் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-லும் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. அல்வாவுக்கு வேண்டிய கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. அங்கே நெல்லும் வாழையும்தான். மக்ரூனுக்கு வேண்டியது முந்திரி. அந்த மரமே போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. மக்ரூன் என்ற பெயரும் ஐரோப்பாக்காரர்களுடையது. பரோட்டா மைதாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதனால் இவையெல்லாம் எங்கள் பண்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கிருந்தோ வந்த சரக்கைக் கைப்பக்குவத்தால் உள்ளூர் ஆக்குவதும் பெருமைதான். ஆனால் "உங்க மண்ணுலயே விளையுறது என்ன?" என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் முதல் பதில் பனை.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடிப் பக்கம். கொஞ்ச தூரத்தில் தேரிக்காடு. செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும். மழை குறைவு. வேறு மரம் நிற்க யோசிக்கிற இடத்தில் பனை நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. விதை போட்டால் பாளை விட 12 முதல் 15 வருஷம் ஆகும். அதுவரைக்கும் அது ஆண் மரமா பெண் மரமா என்றுகூடத் தெரியாது. (ஆண் மரம் அலகுப்பனை, பெண் மரம் பருவப்பனை.) அதாவது பனை விதைக்கிறவன் பெரும்பாலும் தன் பிள்ளைக்காகத்தான் விதைக்கிறான்.

பதநீர் எப்படி வருகிறது என்று நண்பர்கள் பலருக்குத் தெரியவில்லை. மரத்தில் ஓட்டை போட்டு எடுப்பார்கள் என்று ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி இல்லை. மரத்தின் உச்சியில் பாளை வெளியே வரும். அதைக் கடிப்பு வைத்து இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவிவிட்டு, கீழே கலயத்தைக் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. ஆக, பதநீருக்கும் போலீஸ் கேஸுக்கும் நடுவில் நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான்.

இதில் முக்கியமான விஷயம், பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் நுனி காய்ந்துவிடும். அதனால் பனையேறிக்கு சீசனில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது.

என் தாத்தா பனையேறி. சீசனில் முப்பது மரம் வரைக்கும் ஏறுவார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மரம் நாற்பது அடி என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். முப்பது மரம், இரண்டு தடவை. 2400 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். திருச்செந்தூர் கோயில் ராஜகோபுரம் 137 அடி. தினமும் பதினேழு தடவை அந்தக் கோபுரத்தில் ஏறி இறங்கின மாதிரி. அதுவும் படிக்கட்டு இல்லாமல், காலில் ஒரு தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, நெஞ்சை மரத்தோடு சேர்த்துக்கொண்டு. கணக்கைத் தாத்தாவிடம் காட்டினேன். "கோவுரத்துல பதனி வராதுலே" என்றார். அவ்வளவுதான்.

தாத்தாவின் நெஞ்சிலும் முன்கையிலும் கணுக்காலிலும் தோல் காய்த்துக் கறுத்துப் போயிருக்கும். சின்ன வயதில் அது பிறப்பிலேயே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மரத்திலிருந்து இறங்கியதோடு தாத்தா வேலை முடியும், ஆச்சி வேலை தொடங்கும். கருப்பட்டி என்றாலே எல்லோரும் பனையேறியைத்தான் பேசுவார்கள், காய்ச்சுகிறவளைப் பேசுவதில்லை. ஓலைக் குடிசை ஒன்று இருக்கும், அதை விடிலி என்போம். அதற்குள் பெரிய அடுப்பு. பதநீரை வடிகட்டி ஊற்றி, காய்ந்த பனை மட்டையும் முள் விறகும் வைத்து எரிக்க வேண்டும். வெளியில் சித்திரை வெயில், உள்ளே தீ, கண்ணெல்லாம் புகை. பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். காய்ச்சக் காய்ச்சக் கூப்பனி ஆகும். அதற்குப் பிறகு ஒரு பதம் இருக்கிறது. ஒரு நிமிஷம் முந்தினால் இறுகாது, ஒரு நிமிஷம் பிந்தினால் கருகும். அந்த நிமிஷத்தை ஆச்சி மணி பார்த்துக் கண்டுபிடித்ததில்லை. அகப்பையிலிருந்து விழுகிற விதத்தைப் பார்த்தே "எறக்கு" என்பாள். இறக்கி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அந்த அரை உருண்டை வடிவம் சிரட்டை கொடுத்தது.

எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது தாத்தா ஏறுவதில்லை, வயதாகிவிட்டது. அப்பா ஏறவே இல்லை. அவர் லாரி ஓட்டுகிறார். என்னை மரத்துப் பக்கமே விட்டதில்லை. "மரத்த அண்ணாந்து பாத்தா கழுத்துதாம்ல வலிக்கும், குனிஞ்சு புஸ்தகத்தப் பாரு" என்பார். எங்கள் தெருவில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவரை அப்பா பார்த்திருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். அதுமட்டும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் 'பனையேறி' என்பது ஒரு வசவு. கோபம் வந்தால் பையன்கள் அதைச் சொல்லித்தான் திட்டுவார்கள். வெளியூரில் கருப்பட்டிக்கு இருக்கிற மரியாதையில் பாதிகூட, அதை இறக்குகிறவனுக்கு ஊருக்குள் கிடைத்ததில்லை. வருமானம் குறைவு, ஆபத்து அதிகம், மேலே ஒரு வசவு. பிள்ளையை இதிலிருந்து வெளியேற்ற நினைத்த அப்பனை யார் குறை சொல்ல முடியும்?

அதனால் "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். யார் காப்பது? பேசுகிறவர் ஏறுவாரா? அவர் மகன் ஏறுவானா? நானும் ஏறப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா ஏறிய மரம்தான் அப்பாவுக்குச் சோறு போட்டது, அப்பா ஏறாததால்தான் நான் கல்லூரியில் இருக்கிறேன். இரண்டுமே உண்மை.

இன்னொரு பக்கம் பாருங்கள். கடந்த சில வருஷங்களில் நெடுஞ்சாலை எங்கும் கருப்பட்டிக் காபிக் கடைகள். கருப்பட்டி மைசூர்பாகு, கருப்பட்டி ஐஸ்கிரீம், கருப்பட்டி கேக். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள். ஆனால் ஏறுகிற ஆள் வருஷா வருஷம் குறைகிறார், விற்கிற கடை வருஷா வருஷம் கூடுகிறது. நடுவில் இருக்கிற கருப்பட்டி எங்கிருந்து வருகிறது? விடை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சீனி. கூப்பனி காயும்போது சீனியைக் கொட்டினால் ஒரு சிரட்டை இரண்டு சிரட்டை ஆகும். பத்து லிட்டர் கணக்கை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கருப்பட்டி சீனியைவிடப் பல மடங்கு விலை இருந்தால்தான் ஏறியவருக்கும் காய்ச்சியவளுக்கும் கூலி கட்டும். 'ஒரிஜினல்' என்று போர்டு வைத்து மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், மிச்சம் பிடித்தது எதில் என்று யோசியுங்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அந்தக் குறியீடு சொல்வது, இது எந்த ஊர்ச் சரக்கு என்பதை. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரை ஒட்டி விற்கக்கூடாது என்பது அதன் பாதுகாப்பு. யார் ஏறினார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை அது சொல்லாது. அரசாங்கமும் சும்மா இல்லை. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் அறிவித்தார்கள். மரம் இருக்க வேண்டியதுதான். ஆனால் ஏற ஆள் இல்லாத மரம் வெறுமனே நிற்கும், கருப்பட்டி தராது.

சாப்பிட வருகிற நீங்கள் இதில் என்ன செய்ய முடியும்? நிறைய செய்யலாம் என்று நினைக்கிறேன். முதல் காரியம், "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்காமல் "எந்த மாசம்?" என்றும் கேளுங்கள். கடைக்கு சீசன் கிடையாது, மரத்துக்கு உண்டு. என் லிஸ்ட் இதோ:

தை: பனங்கிழங்கு. பொங்கலுக்குக் கரும்போடு கட்டுக் கட்டாக வரும். மஞ்சள் போட்டு அவித்து, நார் உரித்து, மிளகும் உப்பும் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

பங்குனி முதல் ஆனி வரை: பதநீர். காலையில் இறக்கியதும் குடிக்க வேண்டும். டம்ளரில் வேண்டாம், ஓலைப் பட்டையில் கேளுங்கள். இளநுங்கு போட்டுக் கொடுப்பார்கள், ஓலை வாசனையோடு இறங்கும். நல்ல வெயிலில் வந்தால் நுங்கு தனியாகவும் உண்டு. புதுக் கருப்பட்டியும் இந்தச் சமயத்தில்தான்.

ஆடி, ஆவணி: பனம்பழம். சுட்டால் தெருவுக்கே வாசனை தெரியும். பல்லில் நார் மாட்டும், சட்டையில் கறை படும். அதையெல்லாம் பார்க்கக்கூடாது.

கார்த்திகை: ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்து, குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பது. இது கடையில் கிடைப்பது அபூர்வம், யாராவது வீட்டில் சிநேகம் பிடிக்க வேண்டும்.

வருஷம் முழுக்க: சுக்குக் காபி, உளுந்தங்களி (குழிக்குள் நல்லெண்ணெய் ஊற்றியது), முந்திரிக்கொத்து, சில்லுக் கருப்பட்டி.

கவனித்தீர்களா, ஐப்பசி மழையில் பதநீர் லிஸ்டிலேயே இல்லை. அந்தச் சமயம் ரோட்டோரம் குடம் வைத்து 'பதநீர்' என்று விற்றால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள்.

இரண்டாவது, கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பளபளவென்று மின்னினால் சீனி என்பாள் ஆச்சி. நல்லதை நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு வரும், அதோடு கொஞ்சம் புகை வாசனையும். இது ஆச்சி சோதனை, லேப் சோதனை இல்லை. ஆனால் உடைத்துக் காட்டத் தயங்குகிற கடையில் எதற்கு வாங்க வேண்டும்?

மூன்றாவது, 'சுகர் இருந்தாலும் கருப்பட்டி சாப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சர்க்கரை நோய்க்கு மருந்து இல்லை. எங்கள் சரக்கைப் பற்றி நானே இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்க வேண்டாம். ருசிக்காக வாங்குங்கள், அது போதும். பொய் சொல்லி விற்கிற அளவுக்கு அது மட்டமான சரக்கு இல்லை.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். முடிந்தால் விடிலிக்கே போங்கள். உடன்குடிப் பக்கம் இன்னும் சில இருக்கின்றன, சீசனில் புகையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அங்கே இருக்கிற பெரியவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, எத்தனை மரம் ஏறுகிறீர்கள் என்று கேளுங்கள். அடுப்படியில் இருக்கிற ஆச்சியிடம் பதம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். விலை சொன்னால் பேரம் பேசாதீர்கள். மாலில் முந்நூறு ரூபாய் காபிக்குப் பேரம் பேசாத நாம், 2400 அடி ஏறியவரிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்வது நன்றாக இல்லை.

இதனால் எல்லாம் பனையேறிகளின் பிள்ளைகள் திரும்ப மரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. ஆனால் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு நியாயமான விலையும் ஒரு மரியாதையான கேள்வியும் கிடைத்தால், அவர் இன்னும் நாலு சீசன் ஏறுவார். பாதுகாப்பாக ஏற நல்ல கருவி வந்து, கையில் நாலு காசும் நின்றால், ஒருவேளை யாரோ ஒரு பையன் அதை வேலையாக நினைத்து வரலாம், தலைவிதியாக நினைத்து இல்லை. அப்போது 'பனையேறி' என்ற சொல் வசவாக இருக்காது, டிரைவர், எலக்ட்ரீஷியன் மாதிரி ஒரு தொழிலின் பெயராக இருக்கும்.

அல்வா வாங்குங்கள், மக்ரூன் வாங்குங்கள், நைட் கிளப்பில் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையில் ஒரு சிரட்டைக் கருப்பட்டிக்கும் இடம் வையுங்கள் என்கிறேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எல்லோரும் கேட்டு வாங்குகிற பண்டத்துக்குப் பின்னால், யாரும் கேட்காத ஒரு ஆள் இருப்பார். அவர் யார், எந்த மாசம் வந்தால் பார்க்கலாம் என்று எழுதுங்கள். லீவுக்கு நான் வருகிறேன்.